ஷூ டப்பாவுக்குள் திருப்புதல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் டீச்சர்களுக்கும் சார்களுக்கும்:

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் நம் வகுப்புகளில் ஒரே ராகம்தான்: திருப்புதல். "முதல் பாடம் எடு. ஒருத்தர் வாசி, மத்தவங்க விரல் வெச்சுப் பாரு." இரண்டாவது வாரம் வந்ததும் பிள்ளைகளின் விரல் வரியில் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும். நமக்கும் அது தெரியும். ஆனாலும் நிறுத்த மாட்டோம். பாடத்தை இன்னொரு தடவை முடித்துவிட்டோம் என்ற நிம்மதி நமக்கு வேண்டியிருக்கிறது. அந்த நிம்மதியைக் கொஞ்சம் கெடுக்கத்தான் எழுதுகிறேன். முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் கோபித்துக்கொள்ள வழியிருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு விளையாட்டுச் செய்தேன். நம் ஊரில் கேட்காமலே கிடைக்கும் அட்டை, ஷூ டப்பா. அதே மாதிரி விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரு சொல், ஜோடி. வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் அம்மாக்கள் நாளைக் கணக்கிடுவதே ஜோடியில்தான். தமிழ் பேசும் வீடு, உருது பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு எல்லாவற்றிலும் சாயங்காலம் ஒரே கேள்விதான்: இன்னைக்கு எத்தனை ஜோடி? எனவே விளையாட்டுக்கும் அதுவே பெயர். டப்பா அட்டையைச் சின்னச் சின்ன ஷூ வடிவில் வெட்டினேன். இடது ஷூவில் கேள்வி, வலது ஷூவில் விடை. இடதில் 'பாலாறு பிறக்கும் இடம்', வலதில் 'நந்தி மலை'. இடதில் 'காவலூர் வானாய்வகம் யார் பெயரில்?', வலதில் 'வைணு பாப்பு'. நடுவே 7 × 8, 56 என்று கணக்கும் சில. மொத்தம் 20 ஜோடி. கலைத்துப் போட்டு, யார் அதிக ஜோடி சேர்க்கிறார்கள் என்று பார்ப்பது.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தது யார் தெரியுமா? எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறும் ஒரு பையன். 11 ஜோடி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாவது ஆட்டத்திலும் அவனே ஜெயித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. கேட்டேன். அவன் மறைக்கவே இல்லை. "டீச்சர், இதுவும் இதுவும் ஒரே டப்பா. பின்னாடி கோடு ஒட்டுது பாருங்க."

ஒவ்வொரு ஜோடியையும் நான் அடுத்தடுத்து வெட்டியிருந்தேன். டப்பாவில் அச்சிட்டிருந்த கோடும் எழுத்தும் ஒரு ஷூவில் பாதி, மற்றதில் பாதி. அவன் படித்தது என் கேள்வியை அல்ல, அட்டையின் முதுகை. அவனுடைய அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு. இடது கால் தோலும் வலது கால் தோலும் ஒரே சாயமா, ஒரே இழையா என்று பார்த்துச் சேர்ப்பது அந்த வேலையின் பாதி. அந்தப் பார்வை பையனுக்கும் வந்திருக்கிறது. அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. என் விளையாட்டில்தான் குறை.

அன்றிலிருந்து எந்த விளையாட்டைச் செய்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: பாடம் தெரியாமல் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல பொழுதுபோக்காக இருக்கலாம், திருப்புதல் ஆகாது. இந்தக் கேள்வியோடு நாம் வழக்கமாக ஆடவைப்பவற்றைப் பாருங்கள். பாதி உதிர்ந்துவிடும். பரமபதத்தின் கட்டத்தில் கணக்கை எழுதிவைக்கிறோம். காய் நகர்வது பகடையால், கணக்கால் அல்ல. பந்தைச் சுற்றவிட்டு, பாட்டு நின்றதும் கையில் வைத்திருப்பவரைக் கேள்வி கேட்கிறோம். ஒருத்தி பதில் சொல்லும்போது மீதி 39 பேரும் 'அப்பாடா' என்று மூச்சுவிடுகிறார்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து வினாடி வினா வைத்தால், எந்த அணியிலும் அந்த நான்கு பேர்தான் கத்துவார்கள். நாம் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஜோடி விளையாட்டை மூன்று விதமாகத் திருத்தினேன். முதலாவது, எல்லா அட்டைக்கும் பின்னால் பழுப்புத் தாள் ஒட்டினேன். கோடு மறைந்தது. இரண்டாவது, ஜோடியே இல்லாத ஒற்றை ஷூக்கள் ஆறைக் கலந்தேன். இல்லாவிட்டால் கடைசி இரண்டு ஜோடியும் யோசிக்காமலே வந்து சேர்ந்துவிடும். ஒற்றைகளும் சும்மா வந்தவை அல்ல, பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கிவிழும் விடைகள். 7 × 8 என்ற இடது ஷூவுக்கு 54 என்று ஒரு வலது ஷூ காத்துக்கொண்டிருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். யார் இடது ஷூவைத் திருப்பினாலும் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் தங்கள் சிலேட்டில் விடையை எழுதிக் கவிழ்த்துவைக்க வேண்டும். பிறகுதான் திருப்பியவர் வலது ஷூவைத் தேடலாம். சிலேட்டில் சரியாக எழுதியவர்களுக்கும் ஒரு புள்ளி உண்டு.

இந்த சிலேட்டு ஒன்றே போதும். பந்து விளையாட்டையும் பரமபதத்தையும் வினாடி வினாவையும் இதனால் காப்பாற்றிவிடலாம். எல்லாரும் எழுது, பிறகு ஒருவர் சொல். பேனா பிடிக்கச் சிரமப்படும் பிள்ளை படம் வரையட்டும், உருது வீட்டுப் பிள்ளை முதலில் தனக்கு வந்த மொழியில் எழுதட்டும். நினைவிலிருந்து எடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இது என் சொந்த மூளையில் உதித்தது அல்ல. 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதை இரண்டு தடவை படித்தது. மற்றப் பிரிவு ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு தடவை படித்தவர்கள் 81 சதவீதம் சொன்னார்கள், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. நம் திருப்புதலின் ரகசியம் இந்த எண்களில் இருக்கிறது. வாசிக்கவைத்துவிட்டு உடனே கேட்டால் பிள்ளைகள் சொல்கிறார்கள், நாமும் மகிழ்ந்துபோகிறோம். அடுத்த வாரம் கேட்கும்போது, "போன வாரம்தானே சொன்ன?" என்று அவர்களைத் திட்டுகிறோம்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்பதற்கும் நம் ஊர் டப்பாவே போதும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகம் எழுதினார், எப்படிக் கற்பது என்பதைக் கற்றுக்கொள்வது பற்றி. அதில் ஒரு பெட்டி வருகிறது. ஐந்து அறை. புதுக் கேள்வி அட்டைகள் எல்லாம் முதல் அறையில். விடை சரியாக வந்தால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பானால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அடிக்கடி கேட்க வேண்டும், பின்னால் போகப்போக இடைவெளி கூடும். அவ்வளவுதான். தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பொழுதை வீணாக்காமல், தெரியாதது தானாக முன்னால் வந்து நிற்கும் ஏற்பாடு.

ஷூ டப்பாவில் நான்கு அட்டைத் தடுப்பு வைத்து, 1, 2, 3, 4, 5 என்று எழுதி வகுப்பில் வைத்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டு, "டீச்சர், இது எங்கம்மா கம்பெனி மாதிரி இருக்கு" என்றாள். மறுநாள் எண்கள் போய்விட்டன. கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், பினிஷிங், பேக்கிங். தப்பான அட்டை ரிஜெக்ட், மறுபடி கட்டிங்குக்கு. இப்போது வகுப்பில் சண்டையே இப்படித்தான் நடக்கும்: "பின்னம் இன்னும் ஸ்டிச்சிங்லயே கிடக்குதுடா, எப்போ லாஸ்டிங் போறது?" கட்டிங் அறையைத் தினமும், ஸ்டிச்சிங்கை இரண்டு நாளுக்கு ஒரு முறை, லாஸ்டிங்கை வாரம் ஒரு முறை, பினிஷிங்கை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுக்கிறோம். பேக்கிங்குக்குப் போனது மாதக் கடைசியில் ஒரே ஒரு தடவை வெளியே வரும். ஆளுக்கு ஒரு டப்பா வைத்தால் நல்லது. என் வகுப்பில் நான்கு பேருக்கு ஒன்று, அதற்கு மேல் அலமாரியில் இடமில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. "படிக்கலைன்னா கம்பெனிக்குத்தான் போவ" என்று நம்மில் பலர் வகுப்பில் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொல்கிறோம்? காலையில் கம்பெனி வேனில் ஏறிப்போன அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பையில் வைத்திருக்கும் பிள்ளையிடம். அந்தப் பெண் என் பெட்டிக்குக் கம்பெனிப் பெயர்களைச் சூட்டியபோது அவள் குரலில் இருந்தது பெருமை. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகட்டும், அதற்காகத்தானே நாம் இருக்கிறோம். ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பரமபதத்துக்கு வருகிறேன். அதைக் கைவிட மனமில்லாமல் பாலாற்றைக் கொண்டு ஒன்று செய்தோம். பாலாறு 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. 100 கட்டத்தில் இதை எப்படிப் பங்கிடுவது என்று பிள்ளைகளிடமே விட்டேன். சதவீதப் பாடத்தின் திருப்புதல் அங்கேயே நடந்துவிட்டது. முழு எண்ணாக்கினால் 27, 9, 64. கூட்டினால் சரியாக 100 வந்தபோது அவர்கள் போட்ட கூச்சலுக்குத் தலைமையாசிரியர் எட்டிப்பார்த்தார். நந்தி மலையில் முதல் கட்டம், வயலூர் அருகே கடலில் நூறாவது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜாப்பேட்டை வழியில். ஏணியின் அடியில் நின்றால் ஒரு கேள்வி, எல்லாரும் சிலேட்டில் எழுத வேண்டும், காய்க்குரியவர் சரியாக எழுதினால்தான் ஏறலாம். பாம்பிலும் கேள்வி உண்டு. சரியாக எழுதினால் கடி இல்லை. இப்போது பகடைக்கும் வேலை இருக்கிறது, பாடத்துக்கும் வேலை இருக்கிறது.

பாம்பு எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. ஆம்பூர் தாண்டி ஒரு பாம்பு வைத்து, தலையில் 'தோல் தொழிற்சாலை' என்று எழுதினான் ஒருவன். இன்னொருவன் எழுந்து நின்றுவிட்டான். "எங்கப்பா வேலை செய்யற இடம் எப்படி பாம்பாகும்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. அறிவியல் புத்தகத்தில் நீர் மாசு பாடத்தை எடுக்கச் சொன்னேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பையும் கதைபோலச் சொன்னேன்: மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதை, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததை. அரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் பாம்புக்குச் 'சுத்திகரிக்காத கழிவுநீர்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே ஓர் ஏணி, 'பொதுச் சுத்திகரிப்பு நிலையம்'. எழுந்து நின்ற பையனே அந்த ஏணியை வரைந்தான். அந்த வருடத் தேர்வில் நீர் மாசு பற்றிய கேள்விக்கு என் வகுப்பில் வெற்றுத் தாள் ஒன்றுகூட இல்லை.

பகடை பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பத்து குழு பத்து பகடையை உருட்டினால் அடுத்த வகுப்பில் பாடம் நடக்காது. இன்சோல் வெட்டிய ஃபோம் மிச்சம் கிடைத்தால் அடுக்கி ஒட்டிக் கனசதுரமாக்குங்கள். விழுந்தால் சத்தமே வராது. இல்லையென்றால் தாயத்துக்கு உரசுவதுபோலப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி, ஒரு துணியின் மேல் போடச் சொல்லுங்கள்.

கம்பெனியிலிருந்து எது வேண்டுமானாலும் வாங்கி வரலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டப்பா, லைனிங் துணி, நூல்கண்டு, ஃபோம், இவை சரி. குரோம் பதனிட்ட தோல் துண்டுகளும் ஷேவிங் தூளும் வகுப்புக்குள் வரவே கூடாது. அவற்றில் இருப்பது குரோமிய உப்பு, நம் பிள்ளைகளோ எதையும் வாயில் வைத்துப் பார்ப்பவர்கள். சோல் ஒட்டும் சொல்யூஷன் பசையும் வேண்டாம், அந்த நெடி பிள்ளைகளுக்கு ஆகாது. மைதா காய்ச்சிய பசை தாராளம். டப்பாவுக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வீட்டிலேயே எடுத்து எறிந்துவிட்டு வாருங்கள். கற்கண்டு என்று ஒருத்தி பிரிக்கப் பார்த்தாள்.

டப்பா கிடைக்காத ஊர்க்காரர்கள் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போங்கள். முட்டை அட்டையில் வரிசைக்கு 6 வீதம் 5 வரிசை, 30 குழி. இரண்டு வரிசை வெட்டினால் 12 குழிப் பல்லாங்குழி, மீதி வரும் வகுத்தலுக்கு இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. குடியாத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தீப்பெட்டி இருக்கிறது. மேலே கேள்வி, உள்ளே இழுத்தால் விடை. தனியாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அது போதும்.

அட்டைகளை யார் எழுதுவது? முதல் வருடம் நானே இரவெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். அது முட்டாள்தனம். கேள்வியை உருவாக்குவதுதான் இருப்பதிலேயே நல்ல திருப்புதல், அதை நானே செய்து முடித்துவிட்டேன். இப்போது பாடம் முடிந்ததும் ஆளுக்கு மூன்று அட்டை எழுதுகிறார்கள். இதிலும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் வேலூர்ப் புரட்சிக்கு வரிசைப்படுத்தும் விளையாட்டு. 1805 நவம்பரில் வந்த புது உடை விதி, தலைப்பாகையில் தோல் குஞ்சம், புரட்சி வெடித்த நாள், ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி வந்தது, எல்லாம் தனித்தனி அட்டையாகக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். தலைப்பாகைத் தோல் என்றதும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் சொந்தக்காரர் வீட்டுக் கதையாகிவிட்டது. ஆனால் ஒருத்தி 1806 ஜூலை 10 என்பதை 1860 என்று எழுதிவிட்டாள். நான் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் அதே அட்டையோடு ஆடினார்கள். தேர்வில் ஒன்பது பேர் 1860. விளையாட்டு அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது! அதிலிருந்து எந்த அட்டையும் 'செக்கிங்' முடியாமல் பெட்டிக்குள் போகாது. செக்கர்கள் இரண்டு பேர், புத்தகத்தைப் பிரித்துவைத்துச் சரிபார்ப்பார்கள். கடைசிக் கையெழுத்து என்னுடையது.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து தொடக்க வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். விளையாட்டுக்கும் அந்தப் பிரிவை மதியுங்கள். ஒரே வட்டத்தில் மூன்று நிலையும் உட்காரலாம், ஆனால் ஆளுக்கு அவரவர் நிலை அட்டை. அரும்புப் பிள்ளை எழுத்தைச் சேர்த்தாலும் ஒரு ஜோடிதான், மலர்ப் பிள்ளை வாக்கியத்தைச் சேர்த்தாலும் ஒரு ஜோடிதான்.

கோபம் வந்தாலும் சரி என்று கடைசியாக ஒன்று. நம் பள்ளிகளின் பீரோக்களில் எத்தனை டி.எல்.எம். (கற்பித்தல் கருவி) தூங்குகிறது? தெர்மாகோல், ஜிகினாத் தாள், கலர் பிரிண்ட், லேமினேஷன். கண்காட்சிக்குச் செய்தது, பார்வைக்கு வைத்தது, கிழிந்துவிடும் என்று பிள்ளைகள் கையில் கொடுக்காதது. என்னைக் கேட்டால், கிழியாத விளையாட்டுக் கருவி வேலை செய்யாத கருவி. என் முதல் கட்டிங் டப்பா நான்கு மாதத்தில் வாய் பிளந்தது. மூன்று தடவை டேப் ஒட்டினோம். அதற்குப் பிறகு தூக்கிப் போட்டுவிட்டு வேறு டப்பா எடுத்தோம். செலவு ஒன்றுமில்லை.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பையில் ஒரு ஷூ டப்பா எடுத்து வாருங்கள். மூடி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய அட்டை பத்து அதில் இருக்கட்டும், அவற்றில் ஒன்று தப்பாக இருந்தாலும் சரி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்வோம். உட்கார்ந்து ஆடிப்பார்ப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒரு டீச்சர்